வகுப்பில் படம் ஓடுகிறது... பாடம் நடக்கிறதா?

"இன்னிக்கு க்ளாஸ்ல படம் போடுறாங்களாம்!"

இந்தச் செய்தி பரவினால் போதும், கடைசி வரிசைகூட நிமிர்ந்து உட்காரும். தேர்வு முடிந்த வாரம், ஆசிரியர் விடுப்பில் இருக்கும் நாள், மழையில் திடல் நனைந்துபோன உடற்கல்வி வகுப்பு என்று பள்ளியில் படம் ஓடிய நேரங்கள் பலருக்கும் நினைவிருக்கும். அதைப் பாடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் நாவலைத் தழுவிய திரைப்படங்களும் இயற்கை ஆவணப்படங்களும் பாடப்பொருளாகவே வகுப்புக்குள் வருகின்றன. அவை உண்மையில் கற்றுக்கொடுக்கின்றனவா? எங்கே தவறாகக் கற்றுக்கொடுக்கின்றன? தமிழ் படிக்கும் மாணவருக்கு அதில் என்ன இருக்கிறது?

ஏன் இந்தக் கேள்வி இப்போது?

மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, கருவி. சிங்கப்பூரில் 2018இல் 'மாணவர் கற்றல் தளம்' பயன்பாட்டுக்கு வந்தது. 2021இல் உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவருக்கும் சொந்தக் கற்றல் கருவி கிடைத்தது. படம் காட்ட இனி ப்ரொஜெக்டரும் இருட்டான அறையும் தேவையில்லை. ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு திரை இருக்கிறது.

இரண்டாவது, திரைநேரம் பற்றிய கவலை. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 'குரோ வெல் எஸ்ஜி' வழிகாட்டுதல்படி, 7 முதல் 12 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கும் குறைவாகவே திரையைப் பார்க்கவேண்டும். பள்ளி வேலைக்காகப் பார்ப்பது அந்தக் கணக்கில் சேராது. அப்படியென்றால் பள்ளி காட்டும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அர்த்தம் இருக்கவேண்டும், இல்லையா?

மூன்றாவது, தேர்வு. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்விலும் ஓ லெவல் தேர்விலும் தாய்மொழி வாய்மொழித் தேர்வு ஒரு காணொளியைப் பார்த்துப் பேசும் முறைக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. திரையில் பார்த்ததைத் தமிழில் விளக்கிச் சொல்வது தேர்வுக்கே தேவையான திறன்.

ஆய்வு என்ன சொல்கிறது?

படம் பார்த்தால் பாடம் மனத்தில் பதியுமா? பதியும். ஆனால் தவறும் சேர்ந்தே பதியும்.

2009இல் 'சைக்காலஜிக்கல் சயின்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியானது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை நடத்தினார்கள். மாணவர்களுக்கு வரலாற்றுத் தகவல்கள் சரியாக எழுதப்பட்ட கட்டுரைகள் கொடுக்கப்பட்டன. அதே வரலாற்றைச் சொல்லும் திரைப்படக் காட்சிகளும் காட்டப்பட்டன. காட்சிகளில் சில தகவல்கள் கட்டுரையோடு ஒத்துப்போயின. சில நேர்மாறாக இருந்தன.

ஒரு வாரம் கழித்துச் சோதித்தார்கள். படமும் கட்டுரையும் ஒத்துப்போன இடங்களில், கட்டுரையை மட்டும் படித்ததைவிடச் சுமார் 50 விழுக்காடு கூடுதலாக மாணவர்களுக்கு நினைவிருந்தது. படம் தவறாகக் காட்டிய இடங்களிலோ, சில சமயங்களில் ஏறக்குறைய பாதி நேரம், அந்தத் தவறையே விடையாக எழுதினார்கள். சரியான தகவலை அவர்களே படித்திருந்தும் அப்படி ஆனது.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. "படங்களில் தவறு இருக்கலாம், ஜாக்கிரதை" என்று பொதுவாக எச்சரித்தது பெரிய பலன் தரவில்லை. "இந்தக் காட்சியில் இந்தத் தகவல் தவறு" என்று குறிப்பாகச் சொன்னபோதுதான் தவறு வெகுவாகக் குறைந்தது.

ஆக, படம் காட்டலாமா கூடாதா என்று விவாதிப்பதைவிட, எந்த இடத்தில் படத்தை நிறுத்தி எதைச் சுட்டிக்காட்டுவது என்று யோசிப்பதுதான் பயனுள்ளது.

பொன்னியின் செல்வன்: கல்வெட்டு, நாவல், படம்

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்து, ஐந்து பாகங்களாக நூலானது. மணிரத்னம் அதை 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு படங்களாக எடுத்தார். இரண்டும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம். ஐந்து பாகங்களை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்கினால் எதையாவது விட்டுத்தானே ஆகவேண்டும்?

நாவலை இன்னும் படிக்காதவர்கள், கதையின் திருப்பம் தெரியவேண்டாம் என்றால், அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

நாவலில் முக்கிய இடம்பெறும் மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. கோயிலுக்குப் பூமாலை தொடுத்துக் கொடுக்கும் சேந்தன் அமுதன்தான் சோழ அரியணைக்கு உரிய மதுராந்தகன் என்று தெரியவருவது நாவலின் பெரிய திருப்பங்களில் ஒன்று. அந்தத் திருப்பமும் படத்தில் இல்லை. ஆதித்த கரிகாலன் எப்படி இறந்தான் என்பதை நாவல் புதிராகவே விட்டுவைக்கிறது. படம் தன் விடையைக் கண்முன்னே காட்டிவிடுகிறது.

"அப்படின்னா படம் தப்பு, நாவல்தான் சரி" என்று முடித்துவிடலாமா? அதுவும் முடியாது. ஏனென்றால் நாவலே வரலாற்றின் தழுவல்தான்.

தமிழ்நாட்டின் காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரை அது குறிப்பிடுகிறது. அவர்களுடைய உறவினர்களின் நிலங்களைப் பற்றியும் பேசுகிறது. அந்த ரவிதாசன் நாவலிலும் வருகிறான், படத்திலும் வருகிறான். ஆனால் கதையின் மையத்தில் நிற்கும் நந்தினி எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவள் கல்கியின் கற்பனை. பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் அப்படித்தான். வந்தியத்தேவனோ வரலாற்றில் உண்மையாகவே இருந்தவர். குந்தவையின் கணவர் என்று கல்வெட்டில் அவர் பெயர் வருகிறது.

இப்போது வகுப்புக்கு வருவோம். இரண்டு படங்களையும் முழுக்கப் போட்டுக்காட்டினால் வாரக்கணக்கில் பாடவேளைகள் போய்விடும். அதற்குப் பதிலாகக் கரிகாலன் கொலை நடக்கும் காட்சியை மட்டும் காட்டலாம். நாவலில் அதே அத்தியாயத்தைப் படிக்கலாம். கல்வெட்டுச் செய்தியைப் பக்கத்தில் வைக்கலாம். "மூன்றும் எங்கே ஒத்துப்போகின்றன? எங்கே பிரிகின்றன? கல்கி ஏன் நந்தினியைப் படைத்தார்? இயக்குநர் ஏன் புதிரை அவிழ்த்தார்?" என்று கேட்கலாம். தமிழ்ப் பாடமும் வரலாற்றுப் பாடமும் ஒரே பாடவேளையில் நடந்துவிடும்.

முடிவை மாற்றினால் என்ன ஆகும்?

தழுவலில் நடக்கும் மாற்றம் எல்லாமே நேரக்குறைவால் வருவதல்ல. சில மாற்றங்களுக்குப் பின்னால் அரசியலும் இருக்கிறது.

ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் வெளியிட்ட 'அனிமல் ஃபார்ம்' பல நாடுகளில் பள்ளிப் பாடநூல். பண்ணை விலங்குகள் மனித முதலாளியை விரட்டிவிட்டுத் தாங்களே ஆட்சி செய்கின்றன. மெல்ல மெல்லப் பன்றிகள் புதிய முதலாளிகள் ஆகிவிடுகின்றன. கடைசியில் பன்றிக்கும் மனிதனுக்கும் வித்தியாசமே தெரியாமல் மற்ற விலங்குகள் திகைத்து நிற்பதோடு கதை முடிகிறது. தப்பிக்க வழியில்லாத முடிவு அது.

1954இல் வெளிவந்த பிரிட்டிஷ் கேலிச்சித்திரப் படத்தில் முடிவு வேறு. விலங்குகள் பன்றிகளுக்கு எதிராகத் திரண்டு எழுகின்றன. ஆர்வெல் 1950லேயே காலமாகிவிட்டார். படத்துக்கு அமெரிக்க உளவுத்துறையான சிஐஏ ரகசியமாகப் பணம் கொடுத்தது என்பது பிற்பாடு வெளியே வந்தது. கம்யூனிச ஆட்சிக்கு எதிராக மக்கள் எழவேண்டும் என்ற பனிப்போர்ச் செய்திக்கு அந்த முடிவு பொருத்தமாக இருந்தது.

படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுபவர் கதையின் முடிவையே தவறாக எழுதுவார். நூலோடு சேர்த்துப் பார்ப்பவருக்கோ ஒரு பெரிய கேள்வி கிடைக்கும். ஒரு கதையின் முடிவை மாற்றினால் அதன் கருத்தும் மாறிவிடுமா?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். எல்லாத் தழுவலும் மூலத்தைக் கெடுக்கிறது என்று நினைக்க வேண்டியதில்லை. ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகம் மேடையில் பார்ப்பதற்காகவே எழுதப்பட்டது. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா அதை 1957இல் ஜப்பானின் போர்க்காலக் கதையாக மாற்றினார். நாடகத்தில் மெக்பெத் எதிரியோடு மோதி வீழ்கிறான். குரோசாவா படத்தில் நாயகன் மீது அவனுடைய வீரர்களே அம்பு மழை பொழிகிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவருக்கு, அதிகார வெறியால் ஒருவன் எப்படித் தனிமைப்படுகிறான் என்பது இன்னும் கூர்மையாகப் புரியும்.

இயற்கைப் படம் மட்டும் முழு உண்மையா?

"கதைப்படம்தான் கற்பனை, ஆவணப்படம் உண்மை" என்று பலரும் நினைக்கிறோம். அங்கேதான் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

லெம்மிங் என்பது வட துருவத்தை ஒட்டிய பகுதிகளில் வாழும் எலி போன்ற சிறு விலங்கு. அவை கூட்டம் கூட்டமாகப் பாறை உச்சியிலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்று உலகம் முழுக்க ஒரு நம்பிக்கை உண்டு. அதைப் பரப்பியதில் டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னஸ்' ஆவணப்படத்துக்குப் பெரும் பங்கு இருக்கிறது. 1958இல் வந்த அந்தப் படம் ஆஸ்கர் விருதும் வாங்கியது. 1980களின் தொடக்கத்தில் கனடாவின் சிபிசி ஒலிபரப்பு நிறுவனம் விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. லெம்மிங்குகள் வேறு இடத்திலிருந்து கொண்டுவரப்பட்டு, படப்பிடிப்புக்காகவே உச்சியிலிருந்து தள்ளப்பட்டிருந்தன. லெம்மிங்குகள் தற்கொலை செய்துகொள்வதில்லை. ஆனாலும் அந்த நம்பிக்கை இன்றும் சாகவில்லை.

எல்லாம் இப்படிக் கொடூரமாக இருக்கும் என்றில்லை. பிபிசியின் 'ஃப்ரோஸன் பிளானட்' தொடர் 2011இல் ஒளிபரப்பானது. பனிக்கரடிக் குட்டிகள் பிறந்த சில நாள்களில் எடுக்கப்பட்ட காட்சி ஒன்று அதில் வந்தது. அது நெதர்லந்தின் விலங்குத் தோட்டம் ஒன்றில் எடுக்கப்பட்டது என்று தெரிந்ததும் சர்ச்சை கிளம்பியது. பனிக்காட்டில் தாய்க்கரடியின் குகைக்குள் கேமராவை வைத்தால் தாய்க்கும் குட்டிக்கும் ஆபத்து என்பது தயாரிப்பாளர்கள் சொன்ன காரணம். விவரத்தை இணையத்தளத்தில் வெளியிட்டிருந்ததாகவும் சொன்னார்கள். ஆனால் படத்தின் வருணனையில் அது வரவில்லை. காரணம் நியாயமானதா, பார்ப்பவரிடம் அங்கேயே சொல்லியிருக்கவேண்டுமா? வகுப்பில் விவாதிக்க அருமையான கேள்வி.

ஒலி இன்னொரு விஷயம். பல காட்சிகள் வெகுதூரத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. பனியில் கரடி நடக்கும் 'சரக் சரக்' சத்தத்தை அவ்வளவு தொலைவிலிருந்து பதிவுசெய்ய முடியாது. அதுபோன்ற ஒலிகளைப் பெரும்பாலும் ஸ்டூடியோவில் உருவாக்கிச் சேர்க்கிறார்கள். பயமா, பரிதாபமா, சிரிப்பா என்று நம் மனநிலையைத் தீர்மானிப்பது பின்னணி இசை. ஒரே வேட்டைக் காட்சியில் இசையை மாற்றிப் போட்டால், நாம் மானுக்காகத் தவிப்போமா, பட்டினி கிடக்கும் சிறுத்தைக்காகத் தவிப்போமா என்பதே மாறிவிடும்.

தமிழுக்கு இதில் என்ன லாபம்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் ஆக அதிகமாக ஆங்கிலம் பேசுகிறார்கள். தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. பள்ளியில் அறிவியல், புவியியல் எல்லாமே ஆங்கிலத்தில்தான். அதனால் நம்மில் பலருக்கு 'ஹேபிடட்', 'பிரெடட்டர்' தெரியும். 'வாழ்விடம்', 'இரைகொல்லி' சட்டென்று வாயில் வராது.

பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் நீந்தும் 'ஆட்டர்' குடும்பத்தை எல்லாரும் போனில் படம் பிடித்திருப்போம். அது தமிழில் நீர்நாய். ஒரு காலத்தில் சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோய், 1990களில் புலாவ் உபினில் மீண்டும் காணப்பட்ட 'ஹார்ன்பில்' பறவை இருவாட்சி. காட்டில் செதில் உடம்போடு உருண்டுகொள்ளும் 'பாங்கொலின்' எறும்புத்தின்னி, அதற்கு அழுங்கு என்றும் பெயர் உண்டு. சுங்கை பூலோவில் நாம் பார்ப்பது அலையாத்திக் காடு. இந்தச் சொற்கள் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன. நம் காதில் விழும் வாய்ப்புதான் குறைவு.

'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணக் குறும்படம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2023இல் ஆஸ்கர் விருது வென்ற இந்தப் படத்தைக் கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கினார். தமிழ்நாட்டின் முதுமலையில் உள்ள தெப்பக்காடு யானை முகாமில், தாயை இழந்த ரகு என்ற குட்டியானையை வளர்க்கும் பொம்மன், பெள்ளி தம்பதியின் கதை இது. நீளம் சுமார் 40 நிமிடம். படத்தில் பெரும்பாலும் பேசப்படுவது தமிழ். நம் பாடநூல் தமிழ் இல்லை, காட்டோரத்து மக்களின் தமிழ். சப்டைட்டில் உதவியோடு பார்த்தால்கூடக் காது அந்த ஓசைக்குப் பழகும்.

ஒரு சுவையான தகவல். தமிழ்நாட்டு யானை முகாம்களில் பாகனுக்கு உதவியாக இருப்பவரைக் 'காவடி' என்று அழைக்கிறார்கள். காவடி என்றதும் தைப்பூசம் மட்டுமே நினைவுக்கு வரும் நமக்கு, ஒரே சொல் எத்தனை இடங்களில் வாழ்கிறது என்பது புரியும்.

உலகப் புகழ்பெற்ற இயற்கைப் படங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் கிடைக்கின்றன. அதனால் என்ன? ஒலியை நிறுத்திவிட்டு மூன்று நிமிடக் காட்சியை ஓடவிடுங்கள். மாணவர்களே தமிழில் வருணனை எழுதிப் பேசட்டும். சொல் தேடுவார்கள், வாக்கியம் அமைப்பார்கள், நேரத்துக்குள் பேசப் பழகுவார்கள். வாய்மொழித் தேர்வுக்கு இதைவிட நல்ல பயிற்சி வேண்டுமா?

பார்த்தால் மனம் மாறுமா?

இயற்கைப் படம் பார்த்தால் மாணவர்கள் இயற்கையைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. கடலில் சேரும் பிளாஸ்டிக் குப்பையைப் பேசுபொருளாக்கிய 'புளூ பிளானட் 2' தொடரை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு 2020இல் வெளியானது. பார்த்தவர்களின் சுற்றுச்சூழல் அறிவு கூடியது. ஆனால் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அவர்கள் பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது கூடவில்லை. அறிவு செயலாக மாற, படத்துக்குப் பிறகு வேறு ஏதோ நடக்கவேண்டியிருக்கிறது. ஒரு களப்பயணம், பள்ளி உணவகத்தில் ஒரு சிறு மாற்றம் போன்ற ஒன்று.

சட்டம் அனுமதிக்கிறதா?

சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்தது. அதன்படி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படைப்புகளை லாப நோக்கற்ற பள்ளிகளும் அவற்றின் மாணவர்களும் கல்விக்காகப் பயன்படுத்தலாம். எங்கிருந்து எடுத்தோம், எந்தத் தேதியில் எடுத்தோம் என்று குறிப்பிடவேண்டும். பாடத்தின் பகுதியாக வகுப்பில் படம் காட்டவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் வெளியாள்களை அழைத்துத் திரையிடுவது, கட்டணம் வாங்குவது எல்லாம் வேறு கணக்கு. அதற்கு உரிமையாளரின் அனுமதி தேவைப்படலாம்.

"என் நெட்ஃபிளிக்ஸ் கணக்கையே வகுப்பில் போடலாமே?" என்று கேட்கலாம். நெட்ஃபிளிக்ஸ் சந்தா சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்பது அதன் விதிமுறை. சில ஆவணப்படங்களை மட்டும் கல்விக்காக ஒருமுறை திரையிட அந்நிறுவனம் அனுமதிக்கிறது. எந்தெந்தப் படம் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. கிருமிப்பரவல் காலத்தில் ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டதால், 2020 ஏப்ரலில் 'அவர் பிளானட்' உள்ளிட்ட சில ஆவணப்படங்களை நெட்ஃபிளிக்ஸ் யூடியூபில் இலவசமாகவே வெளியிட்டது.

அடுத்த முறை படம் ஓடும்போது...

மாணவரோ ஆசிரியரோ, கையில் வைத்துக்கொள்ள ஐந்து கேள்விகள்:

1. முழுப்படமும் தேவையா, பத்து நிமிடக் காட்சி போதுமா? எந்த இடத்தில் நிறுத்திப் பேசப்போகிறோம்?

2. நூலில் இருப்பது எது, படத்தில் சேர்த்தது எது, விட்டது எது? படம் தொடங்கும் முன்பே ஒன்றிரண்டைக் குறிப்பாகச் சொல்லிவிட்டோமா?

3. கதையோ கருத்தோ மாற்றப்பட்டிருந்தால், அதனால் யாருக்கு என்ன பயன்?

4. ஆவணப்படம் என்றால், இந்தக் காட்சியை எங்கே, எப்படி எடுத்திருப்பார்கள்? ஒலியை நிறுத்தினால் நம் உணர்ச்சி மாறுகிறதா?

5. பார்த்ததைத் தமிழில் ஐந்து வாக்கியத்தில் சொல்ல முடியுமா? எந்தச் சொல் கிடைக்காமல் தடுமாறினோம்?

"படம் பார்த்தாச்சு, இனி புக் எதுக்கு?" என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களிடம் கொலை நடந்த அந்த இரவைப் பற்றிக் கல்கி எழுதிய அத்தியாயத்தை மட்டும் நீட்டிப் பாருங்கள். படத்தில் விடை தெரிந்துவிட்டதாக நினைத்தவர்களுக்கு, அதைப் படித்தபின் கேட்க நிறையக் கேள்விகள் இருக்கும்.